மூணு காலி பீக்கர்

எங்க வீட்டுக்கு வந்து டீ குடிக்கிறவங்களுக்கு நான் முதல்லயே சொல்லிடுவேன். டம்ளரைக் கீழே வைக்காதீங்க, வெச்சா உங்களுக்கு டீ இல்லை. ஏதோ விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுச் சிரிப்பாங்க. அப்புறம் பேச்சு சுவாரஸ்யத்துல டம்ளரை ஓரமா வெச்சுட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை பேசிட்டு, இந்தப் பக்கம் திரும்பினா டம்ளர் இருக்காது. உள்ளே குழாய் ஓடற சத்தம் கேட்கும். எங்க வீட்டுக்காரர் கழுவிட்டு இருப்பாரு. பாதி டீ சாக்கடையில போயிருக்கும்.

என் அக்கா ஒரு தடவை கோவிச்சுக்கிட்டே கிளம்பிட்டா. "ரெண்டு வாய் டீ குடுக்கறதுக்கு உன் புருஷனுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா"ன்னு கேட்டா. கஞ்சத்தனம் இல்லைக்கா, வியாதின்னு சொன்னேன். அவ நம்பலை. யாருதான் நம்புவாங்க?

அந்த வியாதி எங்கே ஒட்டினதுன்னு சொல்றேன். இவருக்கு வேலை ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துல. கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். வாத்தியார் இல்லை, நல்லாக் கேட்டுக்கோங்க, அசிஸ்டென்ட். வாத்தியார் வந்து நிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வைக்கிற ஆளு, வாத்தியார் போனதுக்கு அப்புறம் எல்லாத்தையும் கழுவி வைக்கிற ஆளு. நடுவுல நடக்கிற கூத்துக்கும் கைதட்டலுக்கும் இவருக்கும் சம்பந்தம் கிடையாது. அப்போ இவரு சுவரோரமா நிப்பாரு.

மறந்துட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் குடுக்கப் போனப்போ நான் அந்த லேபைப் பார்த்திருக்கேன். நீள நீளமா மர மேஜை, ஆசிட் தின்னு தின்னு மேல்பக்கம் சொரசொரன்னு ஆகியிருந்துச்சு. மேஜை நடுவுல ரெண்டு அடுக்கா பாட்டிலுங்க. ஒவ்வொண்ணு மேலயும் இவரு கையெழுத்துல பேரு எழுதி, அந்தக் காகிதத்து மேல மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு வெச்சிருந்தாரு. ஆசிட் வழிஞ்சாலும் எழுத்து அழியக் கூடாதாம். பின்பக்கம் ஒரு சின்ன ரூம். அதுல அலமாரி, தராசு, பெரிய சிங்க். சிங்க் மேல மர முளை அடிச்ச பலகையில பீக்கரும் குடுவையும் தலைகீழா வரிசையா மாட்டியிருந்துச்சு. ஒண்ணுல ஒரு சொட்டுக் கறை கிடையாது. என் சமையல்கட்டு ஒரு நாளும் அவ்வளவு சுத்தமா இருந்ததில்லை. எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, யாரோ கழுவாம வெச்ச பீக்கரால ஒரு பிள்ளைக்குப் பரீட்சையில வேற நிறம் வந்து, அது அழுதுகிட்டே வெளியே போச்சாம். அதுல இருந்து இவருக்கு இந்த வெறி. கீழே வெச்ச பாத்திரம் எதுவா இருந்தாலும் கை தானாப் போயிடும். பிரஷ் போட்டு ஒரு தேய், குழாய்த் தண்ணியில ரெண்டு அலசு, கடைசியா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஒரு சுத்து. "கழுவாத பீக்கர் பொய் சொல்லும்"பாரு. நம்ம வீட்டு டம்ளர் என்ன பொய் சொல்லப்போவுதுன்னு கேட்டா, குழாயை இன்னும் பெருசாத் திறப்பாரு. வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத மனுஷன், பதில் சொல்லுவாரா?

கல்யாணத்தன்னிக்கு இவரு விரல் நுனியெல்லாம் கறுப்பா இருந்துச்சு. மாப்பிள்ளைக்குக் கையில ஏதோ நோய்னு எங்க சொந்தக்காரங்க மூலைக்கு மூலை குசுகுசுன்னு பேசினாங்க. என் அம்மா பாதி சாப்பாட்டுல எழுந்து போய் அழுதுட்டு வந்தா. அது சில்வர் நைட்ரேட்டாம். படும்போது தண்ணி மாதிரிதான் இருக்குமாம், வெளிச்சம் படப்படக் கறுத்துடுமாம். கழுவினாலும் போகாது, தோலு உரிஞ்சாத்தான் போகும்னு இவரே எனக்குச் சொன்னாரு. ஒரு புதுப் பொண்டாட்டிக்கிட்ட முதன்முதலாப் பேசற பேச்சா அது?

மறுநாள் காலையில நான் பால் ஊத்தாத டீ போட்டுக் குடுத்தேன். இவரு சமையல்கட்டுக்கே வந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதுல நாலு சொட்டுப் பிழிஞ்சாரு. "பாரு பாரு, இப்போ பாரு"ன்னாரு. கறுப்பா இருந்த டீ அப்படியே வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்துச்சு. "ஏன் தெரியுமா?"ன்னு கேட்டாரு. எனக்கு டீ குடிக்கத் தெரியும், அது போதும்னேன். அப்போ இவரு மூஞ்சியைப் பார்க்கணுமே! சின்னப் பிள்ளைக்கு பலூன் வாங்கிக் குடுத்த மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. வீட்டுல இன்னிவரைக்கும் எனக்குக் கிடைச்ச நகை நட்டுன்னா அந்தச் சிரிப்புதான். அதுவும் இப்போ இல்லை.

இவரு சட்டைங்க இருக்கே, அதைத் தனியாச் சொல்லணும். போடும்போது நல்லாத்தான் இருக்கும். துவைச்சுப் பிழிஞ்சு உதறினா வயித்துப் பக்கத்துல வரிசையா ஓட்டை. ஆசிட் தெறிச்சது தெரியாதாம், தண்ணியில போட்டாத்தான் நூல் விட்டுப் போகுமாம். நான் துவைச்சுத்தான் கிழிச்சேன்னு மாமியார் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க.

பள்ளிக்கூடத்துல இவரை யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைங்க வெச்ச பேரு டெஸ்ட்யூப். ஒல்லியா, நெட்டையா இருப்பாரு, அதனால. வாத்தியாருங்களும் அப்படித்தான். "டெஸ்ட்யூப்பைக் கூப்பிடு, டெஸ்ட்யூப்கிட்டக் கேளு." எங்க பொண்ணு அதே பள்ளிக்கூடத்துல சேர்ந்த அன்னிக்கு அழுதுகிட்டு வந்தா. "அப்பாவை எல்லாரும் டெஸ்ட்யூப்ங்கறாங்கம்மா. மத்த ஆம்பளைங்களை எல்லாம் சார்ங்கறாங்க." இவரு பக்கத்துலதான் இருந்தாரு. அவ தலையைத் தடவிட்டு, அவ குடிச்சு வெச்ச தண்ணி டம்ளரை எடுத்துட்டுப் போனாரு.

அன்னிக்குத்தான் இவருக்கு அந்த ஆசை வந்திருக்கும்னு நினைக்கிறேன். சார் ஆகணும். அவ்வளவுதான், பெருசா ஒண்ணும் இல்லை. பெத்த பொண்ணு வகுப்புல எழுந்து நின்னு நாலு பேரு முன்னாடி "சார்"னு தன்னைக் கூப்பிடணும்.

தபால்ல பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாரு. பொண்ணு பாடப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் உட்கார்ந்தா, அப்பன் இன்னொரு பக்கம் உட்கார்ந்து படிப்பாரு. ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டு மூணாவது தடவை பாஸ் பண்ணினாரு. அதே சமயம் பார்த்து பெரிய சார் ஓய்வு பெற்றாரு. கெமிஸ்ட்ரி வாத்தியாரை அந்தப் பள்ளிக்கூடத்துல பெரிய சார்னுதான் எல்லாரும் சொல்றது. காலியான அந்த இடத்துக்கு நீயும் எழுதிப் போடுப்பான்னு பெரிய சாரே சொல்லிட்டுப் போனாரு. எழுதிப் போட்டாரு. மொத்தம் ரெண்டே பேரு. இவரு ஒருத்தர், இன்னொருத்தன் வெளியூர்ப் பையன், அப்போதான் படிச்சு முடிச்சு வந்தவன். சட்டையில ஒரு மடிப்புக் கலையாது. நான் அவனுக்கு இஸ்திரின்னு பேரு வெச்சேன்.

ரெண்டு பேரும் ஒரு வகுப்புப் பிள்ளைங்க முன்னாடி, தாளாளரும் தலைமையாசிரியையும் பார்த்துட்டு இருக்க, ஒரு பாடத்தைச் செஞ்சு காட்டணும். யாரு நல்லாச் செய்யறாங்களோ அவங்களுக்கு வேலைன்னு சொல்லிட்டாங்க. நாள் குறிச்சாங்க. எங்க பொண்ணு வகுப்பைத்தான் அதுக்கு எடுத்தாங்க.

பெரிய சார் வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு ஒரு வேடிக்கை காட்டுவாரு. ஒரு ஜாடியில தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கும். முன்னாடி மூணு காலி பீக்கர். முதல் பீக்கர்ல ஊத்தினா ரோஸ் கலர் ஆயிடும். அதை எடுத்து ரெண்டாவதுல ஊத்தினா மறுபடி தண்ணி. அதையே மூணாவதுல ஊத்தினா வெள்ளை வெளேர்னு பாலு. பிள்ளைங்க ஆஹா ஓஹோன்னு கத்துவாங்க. அந்த பீக்கருங்க காலியே கிடையாது, அதுதான் சங்கதி. முதல்ல பினாப்தலீன் சில சொட்டு, ரெண்டாவதுல சல்பூரிக் ஆசிட் கொஞ்சம், மூணாவதுல பேரியம் குளோரைடுன்னு ஒண்ணு. எல்லாம் அடியில கண்ணாடியோட கண்ணாடியாக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஜாடியில இருக்கிறது காஸ்டிக் சோடாத் தண்ணி. எந்த பீக்கர்ல எத்தனை சொட்டு வைக்கணும், ஜாடியில எவ்வளவு கலக்கணும்னு எல்லாம் வெச்சுக் குடுக்கிறது டெஸ்ட்யூப். கைதட்டல் பெரிய சாருக்கு. வெச்சவரு சுவரோரமா நின்னு பார்த்துட்டு இருப்பாரு.

அதைத்தான் செஞ்சு காட்டப்போறேன்னாரு. "வேடிக்கை மட்டும் இல்லை, ஏன் நிறம் மாறுதுன்னும் சொல்லப்போறேன். பெரிய சார் அதைச் சொல்லவே மாட்டாரு."

வீட்டுல பழகணும்னு அந்த மருந்தையெல்லாம் கொண்டுவரேன்னாரு. அந்த விஷத்தை என் டம்ளர்ல ஊத்தினீங்கன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டேன். சரின்னு வெறும் தண்ணியை வெச்சுப் பழகினாரு. நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்திருப்பேன், நான்தான் வகுப்பு. "மாணவிகளே, இதோ பாருங்கள்"னு மேடைத் தமிழ்ல ஆரம்பிப்பாரு. எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு டம்ளர்ல இருந்து இன்னொண்ணுக்குத் தண்ணியை ஊத்திட்டு, "இப்போது இது ரோஜா நிறம்"பாரு. அடுத்ததுல ஊத்தி, "நிறம் போய்விட்டது"ம்பாரு. அடுத்ததுல ஊத்தி, "பால்"னு சொல்லிட்டு என் மூஞ்சியைப் பார்ப்பாரு. நான் கைதட்டுவேன். வெறும் தண்ணி, ஆனா எனக்கு அந்த ரோஸ் கலர் நல்லாவே தெரிஞ்சுது. சத்தியமாச் சொல்றேன், தெரிஞ்சுது.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கலை. "அந்தப் பையனுக்கு யாரு எடுத்து வைக்கிறது?"ன்னு கேட்டேன்.

"நான்தான். லேப் அசிஸ்டென்ட் நான்தானே?"

"உங்களோட போட்டி போடறவனுக்கு நீங்களே எடுத்து வெச்சுக் குடுக்கப்போறீங்களா? நல்லாருக்குங்க! சாப்பாடும் ஊட்டிவிட்டுடுங்களேன்!"

"வேலை வேற, போட்டி வேற."

மண்ணாங்கட்டி.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பொண்ணு வந்துதான் சொன்னா. முதல்ல இஸ்திரியைக் கூப்பிட்டாங்களாம். காப்பர் சல்பேட் கரைசல்ல அமோனியாவைச் சொட்டுச் சொட்டா விட்டானாம். வெளிர் நீலமாத் திரிஞ்சு, இன்னும் விட விட, தெளிஞ்சு கருநீலமாயிடுச்சாம். அழகா இருந்துச்சும்மான்னா. இருக்காதா பின்னே? எடுத்து வெச்சவரு உங்கப்பன் இல்லையா? அவன் கொஞ்சம் திக்கினானாம், ஒரு இடத்துல மறந்தானாம். ஆனா நிறம் வந்துடுச்சு. எல்லாரும் கைதட்டினாங்களாம். கொஞ்சம் இடைவேளை விட்டு இவரைக் கூப்பிட்டிருக்காங்க.

இவரு பின்ரூம்ல இருந்து தட்டுல ஜாடியும் மூணு பீக்கரும் வெச்சு எடுத்துட்டு வந்தாராம். அன்னிக்குன்னு நான் எடுத்து வெச்ச ஓட்டை இல்லாத சட்டை. "மாணவிகளே, இதோ பாருங்கள்"னு அதே மாதிரி ஆரம்பிச்சாராம், குரல்ல நடுக்கமே இல்லையாம். முதல் பீக்கர்ல ஊத்தினாரு. "இப்போது இது ரோஜா நிறம்"னாரு.

தண்ணி தண்ணியாவே இருந்துச்சு.

யாரோ ஒரு பிள்ளை களுக்குன்னு சிரிச்சுதாம். இவரு பீக்கரைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாராம். ரெண்டாவதுல ஊத்தினாரு, மூணாவதுல ஊத்தினாரு. தண்ணி, தண்ணி, தண்ணி. வகுப்பே சிரிக்க ஆரம்பிச்சுடுச்சு. "டெஸ்ட்யூப் சார், பால் எங்கே"ன்னு பின்பெஞ்சுல இருந்து ஒரு குரல் வந்துச்சாம். அன்னிக்குத்தான் முதல் தடவையா சார்னு கூப்பிட்டாங்க, அதுவும் கேலிக்கு. தலைமையாசிரியை மேஜையைத் தட்டினாங்களாம். எங்க பொண்ணு தலையைக் குனிஞ்சவ நிமிரவே இல்லை.

அப்புறம் இவரு என்ன செஞ்சாருன்னா, அந்த மூணு பீக்கரையும் எடுத்துட்டு லேப் ஓரத்துல இருந்த சின்ன சிங்குக்குப் போயிக் கழுவ ஆரம்பிச்சுட்டாராம். எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க, இவரு பிரஷ்ஷைப் போட்டுத் தேய்க்கிறாரு. தாளாளர் எழுந்து, "கழுவற வேலை நல்லாப் பண்றீங்க. அதையே பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு வெளியே போனாராம்.

 நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகற மாதிரி ஒரு பேச்சு பேசியிருக்கான், அதைப் பெத்த பொண்ணு கேட்டுட்டு வந்து நிக்கிறா. ஆனா எனக்குப் புரியலை. சொட்டு எண்ணி வைக்கிற மனுஷன், பெரிய சாருக்கு ஒரு வருஷம்கூட நிறம் தப்பவிட்டதில்லை, தனக்குன்னு வெச்சது மட்டும் எப்படித் தப்பும்? பொண்ணைக் குடைஞ்சு குடைஞ்சு கேட்டேன். யோசிச்சு யோசிச்சு அவ சொன்னா, "இடைவேளையில புது சார் தண்ணி குடிக்கப் பின்ரூமுக்குப் போனாரும்மா."

அவ்வளவுதான். எனக்கு விளங்கிடுச்சு.

மறுநாள் பள்ளிக்கூடம் விடற நேரத்துக்குப் போயி வாசல்ல நின்னேன். அதுக்குள்ள வேலையைக் குடுத்துட்டாங்க, அவன் கையில புத்தகத்தோட வரான், மடிப்புக் கலையாத சட்டை. பிள்ளைங்க எல்லாம் சுத்தி நிக்கிறாங்க. வழியை மறிச்சேன். "அடுத்தவன் வெச்சதைக் கழுவிவிட்டு ஜெயிச்சியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா? ஒரு குடும்பத்தோட வயித்துல அடிச்சுட்டு உனக்குச் சோறு செரிக்குமா?" வாய்க்கு வந்தபடி கேட்டேன். நான் வாயைத் திறந்தா லேசுல மூட மாட்டேன், அது ஊருக்கே தெரியும். அவன் மூஞ்சி சிவந்துச்சு, அப்புறம் வெளுத்துச்சு. என்னைப் பார்த்தான், என் பின்னாடி வந்து நின்ன எங்க வீட்டுக்காரரைப் பார்த்தான்.  தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். பாருங்க, குற்றமுள்ள நெஞ்சு குனியுதுன்னு நினைச்சேன்.

இவரு என் கையைப் பிடிச்சு, "வா, வீட்டுக்குப் போகலாம்"னாரு.  என்னைத் திட்டவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை.

அதுல இருந்து எனக்கு அதுதான் வேலை. அடுப்புல பால் பொங்கினா அவன், குழாயில தண்ணி நின்னா அவன். சட்டைக்கு இஸ்திரி போடும்போதெல்லாம் அவன் மூஞ்சியிலயே தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ப்பேன். தெருவுல எதிர்ல வந்தா நின்னு காறித் துப்பாத குறைதான். அவன் ஒதுங்கிப் போயிடுவான். சில நாள் "நல்லா இருக்கீங்களாக்கா"ன்னு வேற கேட்பான். கொழுப்பைப் பாருங்க! நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துட்டு வீட்டுக்கு வந்து இவருக்கிட்டச் சொல்லுவேன். இவரு கேட்டுக்குவாரு. கேட்டுட்டு, அன்னிக்கு ஒரு வாய் கூடச் சாப்பிடுவாரு. எனக்கும் அது திருப்தியா இருந்துச்சு. புருஷனுக்குப் பரிஞ்சு பேச ஒருத்தி இருக்கான்னு நினைச்சுச் சாப்பிடறாருன்னு நினைச்சேன்.

மத்தபடி இவரு பேச்சு குறைஞ்சுபோச்சு. எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்தாக் கூடையில அப்படியே காயும். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம்னு பொண்ணு சொன்னதுக்கு, எதுக்குன்னாரு. எப்பவும் போலப் போவாரு, எடுத்து வைப்பாரு, கழுவி வைப்பாரு, வருவாரு.

மறுபடி பள்ளிக்கூடம் திறந்துச்சு. முதல் நாள் சாயங்காலம் பொண்ணு வந்தா. நான் டீயைக் கையில வெச்சுக்கிட்டு வாசப்படியில உட்கார்ந்திருந்தேன். மூஞ்சி சரியில்லையேன்னு கேட்டதுக்கு, "இன்னிக்கு வேடிக்கை காட்டினாங்கம்மா"ன்னா.

"யாரு?"

"புது சார்தான். அப்பாவோட மூணு பீக்கர். ரோஸ் கலர் வந்துச்சு, போச்சு, பால் வந்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க."

"நீ?"

"நானும்தாம்மா. தட்டாம இருந்தா எல்லாரும் பார்ப்பாங்களே."

அவ உள்ளே போயிட்டா. எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. கொஞ்ச நேரத்துல இவரு வந்து செருப்பைக் கழட்டக் குனிஞ்சாரு. கழட்டக்கூட விடலை நான்.

"அவனுக்கு வெச்சுக் குடுத்தீங்களா?"

"எதை?"

"தெரியாத மாதிரிக் கேட்காதீங்க. அந்த மூணு பீக்கரை. உங்க கையாலயே சொட்டு எண்ணி வெச்சுக் குடுத்தீங்களா?"

"அது என் வேலைதானே?"

"என்னங்க வேலை! உங்களுக்குச் சூடு சொரணை எதுவும் கிடையாதா? அன்னிக்கு அவன் உங்களுக்குச் செஞ்சதை ஒரே ஒரு தடவை நீங்க அவனுக்குச் செஞ்சா என்ன குறைஞ்சுபோயிடும்? அந்த மூணையும் ஒரு அலசு அலசி வெச்சிருந்தா, அத்தனை பேரு முன்னாடி அவனும் வெறும் தண்ணியை ஊத்திக்கிட்டு நின்னிருப்பான் இல்லை? உங்க பொண்ணு அவனுக்குக் கைதட்டிட்டு வந்து நிக்கிறா!"

இவரு படியில என் பக்கத்துல உட்கார்ந்தாரு. விரல் நுனியைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. எப்பவும் போலக் கறுப்பாத்தான் இருந்துச்சு.

"அவன் கழுவலை"ன்னாரு.

"பின்னே?"

"நான்தான் கழுவினேன்."

எனக்குக் காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறலை. இவரே சொன்னாரு. இடைவேளையில அந்தப் பையன் செஞ்சு காட்டி முடிச்ச பீக்கரையெல்லாம் பின்ரூமுக்கு எடுத்துட்டுப் போயி, நீலம் காய்ஞ்சு ஒட்டிக்குமேன்னு உடனே கழுவ ஆரம்பிச்சிருக்காரு. மனசு முழுக்க 'மாணவிகளே' ஓடிட்டு இருந்துச்சாம். சிங்குக்குப் பக்கத்துலயே இவரோட மூணு பீக்கர், அடியில ஈரத்தோட. கை அதையும் எடுத்துடுச்சு. பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு அலசு அலசி, டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஒரு சுத்து. அப்போ பியூன் வந்து கூப்பிட்டிருக்கான். தட்டுல எடுத்து வெச்சுக்கிட்டு வெளியே வந்துட்டாரு.

"முதல் பீக்கர்ல ஊத்தினதும் தெரிஞ்சுபோச்சு"ன்னாரு.

"தெரிஞ்சதுமே சொல்லியிருக்கலாமே? அந்தப் பாட்டில் பக்கத்துல இல்லையா?"

"மேஜை நடு அடுக்குலயேதான் இருந்துச்சு. கையை நீட்டினா எட்டும். ஒரு சொட்டு விட்டிருந்தாப் போதும். ஆனா கை அதுக்குப் போகலை. சிங்குக்குத்தான் போச்சு."

நான் வாசல்ல நின்னு கத்தினது, காறித் துப்பாத குறையா நின்னது, இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்ச்சது எல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வந்துச்சு. "இத்தனை நாளா நான் அவனைக் கரிச்சுக் கொட்டினேனே, அப்போ வாயைத் திறக்க வேண்டியதுதானே?"

"நீ அவனைத் திட்டும்போது எனக்கு நல்லா இருந்துச்சு."

ஒளிச்சு மறைச்செல்லாம் சொல்லலை. டீ நல்லா இருந்துச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. அதுக்கு மேல ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

"அவனுக்கும் தெரியும். நீ வாசல்ல சத்தம் போட்டதுக்கு மறுநாளே போயி நடந்ததைச் சொல்லிட்டேன், வீட்டுல உண்மையைச் சொல்லிடறேன்னும் சொன்னேன். 'வேண்டாம்ணே. அக்கா என்னைத் திட்டிட்டுப் போகட்டும். வீட்டுல உங்களுக்கு மரியாதை இருக்கட்டும்'னான்."

அப்போ இத்தனை நாளும் தெருவுல அவன் ஒதுங்கிப் போனது பயத்துல இல்லை. "நல்லா இருக்கீங்களாக்கா"ன்னு கேட்டது கொழுப்புல இல்லை. பாவம் பார்த்திருக்கான். என் புருஷனோட இடத்துல நின்னுக்கிட்டு, என் புருஷனுக்கு மரியாதையை அவன் பிச்சை போட்டிருக்கான். நான் அதை வாங்கி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து இவருக்குச் சோத்தோட சேர்த்துப் போட்டிருக்கேன்.

யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு. வாயைத் திறந்தேன். யாரைத் திட்டறது? அவனைத் திட்ட முடியாது. தாளாளர் சொன்னது கொடுமைன்னாலும் பார்த்ததைத்தான் சொன்னான். இத்தனை நாளா எரிஞ்சுக்கிட்டு இருந்த ஒரே அடுப்பையும் இவரு அணைச்சுட்டாரு.

இவரு எழுந்தாரு. நான் டம்ளரை எப்போ படியில வெச்சேன்னு எனக்கே தெரியலை. பாதி டீ இருந்துச்சு. இவரு கை தானா அதுக்கிட்டப் போச்சு, போயிட்டு, என் மூஞ்சியைப் பார்த்துட்டு நின்னுடுச்சு.

நானே டம்ளரை எடுத்து அவர்கிட்ட நீட்டினேன்.

"இந்தாங்க. கழுவற வேலை நல்லாப் பண்றீங்க. அதையே பண்ணுங்க."

உள்ளே பொண்ணு புத்தகத்தைப் புரட்டற சத்தம் நின்னுபோச்சு. இவரு டம்ளரை வாங்கிட்டு உள்ளே போனாரு. குழாய் ஓடுச்சு. பிரஷ் போட்டு ஒரு தேய், அப்புறம் ரெண்டு அலசு. எல்லாம் எனக்கு வாசல்ல கேட்டுச்சு.